ஆரஞ்சுக்காட்டுக்கு விலாசம் கிடையாது

ஏற்காட்டில் டிசம்பரில் குளிர் தாங்காது என்று பயமுறுத்தினார்கள். குளிரவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் கொண்டுபோன இரண்டு ஸ்வெட்டரில் ஒன்று பெட்டியை விட்டு வெளியே வரவே இல்லை. முப்பது வருஷம் சென்னையில் புவியியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். இப்போது ஒரு சின்னப் பதிப்பகத்துக்குப் பள்ளிப் புத்தகம் எழுதிக் கொடுக்கிறேன். அதில் 'இடம், வட்டாரம், வெளி' என்று ஒரு பாடம். "வெறும் வரையறையா இருக்கு டீச்சர், எங்கேயாவது போய் நாலு உதாரணம் பிடிச்சிட்டு வாங்க" என்றார் பதிப்பாசிரியர். உதாரணம் என்ன பட்டாம்பூச்சியா, போய்ப் பிடித்துக்கொண்டு வர என்று முணுமுணுத்துக்கொண்டேதான் கிளம்பினேன்.

சேலம் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஒரு தள்ளுவண்டியில் தட்டுவடை செட் சாப்பிட்டேன். இரண்டு தட்டுவடைக்கு நடுவில் துருவிய பீட்ரூட்டும் கேரட்டும் வைத்து, இரண்டு நிறத்தில் சட்னி தடவிக் கொடுக்கிறார்கள். கடித்தால் பாதி வாயிலும் பாதி புடவையிலும் விழுகிறது. சென்னையில் இப்படி ஒன்று இல்லாமல் எப்படி இத்தனை வருஷம் இருந்தேன் என்று தோன்றியது.

மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவுகளுக்கு நம்பர் போட்டு வைத்திருக்கிறார்கள். ஏழாவது வளைவில் பின்சீட்டு அம்மாள் வாந்தி எடுக்க ஆரம்பித்தார். கண்டக்டர் கவலைப்படவில்லை. தலைக்கு மேலே செருகி வைத்திருந்த கவர் ஒன்றை உருவிக் கொடுத்துவிட்டு அடுத்த டிக்கெட்டைக் கிழித்தார். அவரிடம் ஏற்காடு எங்கே ஆரம்பிக்கிறது என்று கேட்டேன்.

"அடிவாரம் தாண்டுனாலே ஏற்காடுதானுங்க" என்றார்.

லாட்ஜ் மேனேஜரிடம் அதே கேள்வியைக் கேட்டேன். "ஏரியைச் சுத்தி இருக்கறதுதாம்மா ஏற்காடு. மத்ததெல்லாம் எஸ்டேட்டுங்க." ஒருவருக்கு முழு மலை, இன்னொருவருக்கு ஒரு ஏரிக்கரை. வட்டாரம் என்பது மண்ணில் கோடு போட்டு வைத்திருப்பதல்ல, அவரவர் பேச்சில் நீள்வதும் சுருங்குவதும்தான் என்று குறித்துக்கொண்டேன். முதல் உதாரணம் கிடைத்துவிட்ட தெம்பில் காப்பி கேட்டேன். மலை முழுக்கக் காப்பிச் செடி. எனக்குக் கிடைத்தது பாக்கெட்டைக் கிழித்துக் கொட்டிய தூள். சாயங்காலம் ஊரோடு சேர்ந்து நானும் வியூ பாயிண்ட் பார்க்கப் போனேன். அங்கிருந்து தெரிந்தது சேலம். அத்தனை பேரும் காலையில் கிளம்பி வந்த ஊரைத்தான் மேலே ஏறி நின்று கைநீட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

லாட்ஜில் அறை பெருக்க வந்த பெண் என் வரைபடத்தை எட்டிப் பார்த்தாள். அவளுடைய அக்கா இருக்கும் ஊர் அதில் இருக்கிறதா என்று கேட்டாள். பெயர் ஆரஞ்சுக்காடு. தேடினேன், இல்லை. "எதுலயும் இல்லீங்க. அவங்க ரேசன் கார்டுலயே இல்லீங்க" என்றாள். கார்டிலேயே இல்லாத ஊரா? எனக்கு மூக்கு வேர்த்துவிட்டது. அக்கா ஸ்டெல்லாவுக்குப் போன் போட்டு, மறுநாள் டீச்சர் ஒருத்தர் வருகிறார் என்று அவளே சொல்லி வைத்தாள்.

இரண்டாம் நாள் தலைச்சோலைப் பக்கம் போகும் மினி பஸ்ஸில் ஏறினேன். முன்சீட்டில் இரண்டு பெண்கள். "அவ ஏற்காட்டுக்குப் போயிருக்கறா, பொழுதோடதான் வருவா" என்றாள் ஒருத்தி. நான் ஏற்காட்டில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, இல்லை போலிருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது.

இறங்கச் சொன்ன இடத்தில் ஒரு வளைவு, ஒரு டீக்கடை, அதன் பக்கத்தில் ஒரு பால்வாடி. வேறு எதுவும் இல்லை. கடைக்காரர் தங்கராசு சேலத்திலிருந்து வந்து கடை போட்டவர். ஸ்டெல்லா எனக்கு முன்னாலேயே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். முப்பது வயதிருக்கும், எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கிறவள், மிஷன் பள்ளிக்கூடத்தில் பத்தாவது வரை படித்தவள். மடியில் மூன்று வயது மகள் ஜெனி.

தங்கராசு ஒரு அட்டைப்பெட்டியை இழுத்துக் காட்டினார். உள்ளே தபால், பாங்க் கவர், கல்யாணப் பத்திரிகை. எல்லாமே ஆரஞ்சுக்காட்டுக்காரர்களுக்கு. தபால்காரர் மேலே ஊருக்கு ஏறுவதில்லை. அதனால் முதன்முதலில் ரேஷன் கார்டு எழுதியபோது எல்லாரும் கடையின் கதவு எண்ணையே கொடுத்துவிட்டார்கள். பிறகு ஆதார், வாக்காளர் அட்டை, எல்லாம் அதைப் பார்த்து எழுதியவை.

"பதினோரு குடும்பம் இந்தக் கடைக்குள்ளதான் குடியிருக்குதுங்க. நான் எங்க படுக்கறதுன்னுதான் எனக்கே தெரியலீங்க" என்றார். கடையில் இரண்டு பெஞ்சு போட்டால் மூன்றாவதுக்கு இடமில்லை.

"நீ எதுக்கும்மா மெனக்கெட்டு இறங்கி வந்தே? வழி கேட்டு நானே வந்திருப்பேனே" என்றேன் ஸ்டெல்லாவிடம்.

"அதெப்படிங்க? வாரவங்க தானா வந்து ஊட்டைத் தட்டுனா எங்களுக்குக் கேவலமுங்க. கடைக்கு வந்து நின்னு கூட்டிட்டுப் போறதுதான் மொறை." பெண் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வந்தால் ஊரே இறங்கி வந்து கடையில் நிற்குமாம், பாதிரியார் வந்தாலும் அப்படித்தானாம். எனக்கு அது பிடித்திருந்தது, நோட்டில் குறித்துக்கொண்டேன். எங்கள் அடுக்குமாடியில் விருந்தாளி வாசலுக்கு வந்து போன் அடித்தால்கூடச் சோபாவை விட்டு எழுந்திருக்க மாட்டோம்.

"எவ்வளவு தூரம்?"

"எறங்கறதுக்கு இருவது நிமிசமுங்க."

"ஏறுவதற்கு?"

"அது சுமையைப் பொறுத்துங்க."

முப்பது வருஷமாகத் தூரத்தைக் கிலோமீட்டரில் சொல்லிக்கொடுத்தவள் நான். அந்த வாக்கியத்தையும் நோட்டில் அப்படியே எழுதினேன். என் முழங்கால் அதை ஆமோதித்தது. எனக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. ஸ்டெல்லா இடுப்பில் பிள்ளையோடும் தலையில் அரிசிப் பையோடும் முன்னால் போய், அங்கங்கே நின்று எனக்காகக் காத்திருந்தாள்.

ஆரஞ்சுக்காட்டில் ஆரஞ்சு மரம் ஒன்றுகூட இல்லை. என்றைக்கோ நோய் வந்து போய்விட்டனவாம். பழைய எஸ்டேட் லைன் வீடுகள் ஒரே வரிசையாக, பதினோரு கதவு. வாசலில் காப்பிப் பழம் காயப்போடும் களம், சுற்றிலும் சில்வர் ஓக் மரங்களில் ஏறிய மிளகுக் கொடி. கிறிஸ்துமஸ் வருவதால் பாதி வீடுகளில் காகித நட்சத்திரம் தொங்கியது. ஸ்டெல்லா களியும் அவரைக்கொட்டைக் குழம்பும் போட்டாள். களியை மெல்லக் கூடாது, முழுங்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாள். நான் மென்றேன். ஜெனி சிரித்தாள்.

சாப்பிட்ட பிறகுதான் விஷயம் வந்தது. பெரியவர்கள் எல்லாரும் பறிப்புக்குப் போய்விட்டால் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. கீழே உள்ள பால்வாடியில் விட்டால் மத்தியானமே வந்து கூட்டிக்கொள்ள வேண்டும். அதற்கு இறங்கி ஏறினால் அரைநாள் வேலை போய்விடும். போன மாதம் ஜெனி வீட்டிலிருந்து தானாகவே நடந்து போய்விட்டாள். தேடிக் கண்டுபிடித்தபோது காட்டெருமைகள் நின்ற சரிவில், அவற்றிலிருந்து ஒரு கூப்பிடு தூரம்கூட இல்லாத இடத்தில் உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லீங்க. இன்னும் அப்படித்தான். பழம் எடுக்கறப்பவெல்லாம் இவ எங்க இருக்கறான்னுதான் நெனப்பு ஓடுது" என்றாள் ஸ்டெல்லா.

ஆரஞ்சுக்காட்டிலேயே ஒரு சின்னப் பால்வாடி கேட்டு மனு கொடுத்திருந்தார்கள். பதில் வந்தது: குறிப்பிட்ட இடத்தில் குடியிருப்போர் எவரும் இல்லை. மனு போட்டவர்கள் அனைவரும் ஏற்கெனவே உள்ள பால்வாடிக்கு அடுத்த கதவில் வசிக்கிறார்கள். காகிதத்தைப் பொறுத்தவரை அது தப்பே இல்லை. கெஞ்சிக் கூத்தாடியதில் வியாழக்கிழமை அந்த அலுவலகத்திலிருந்து நேரில் பார்க்க ஒருவர் வருகிறார். அவர் எழுதுவதுதான் முடிவு. புதுப் பால்வாடிகளுக்கான இந்த வருஷப் பட்டியல் அதோடு மூடிவிடும்.

"என்ன செய்யணும்னு நீங்க சொல்லுங்க டீச்சர். நீங்க படிச்சவங்க."

கேட்டார்கள் என்றால் போதும், எனக்கு வகுப்பறைக் குரல் வந்துவிடும். களத்தில் கூடியிருந்தவர்களைப் பார்த்துச் சொன்னேன். வியாழக்கிழமை யாரும் வேலைக்குப் போகக் கூடாது. ஒரு ஆள் விடாமல் எல்லாரும் இருக்க வேண்டும், குழந்தை, கிழவர் உட்பட. நல்ல துணி உடுத்தியிருக்க வேண்டும். கார்டெல்லாம் கையில் இருக்க வேண்டும். நானும் காலையிலேயே வந்து வீடுகளையும் ஆட்களையும் போட்டோ எடுத்துத் தருகிறேன், மனுவோடு சேர்த்துக்கொள்ளுங்கள். அனைவரும் தலையாட்டினார்கள். இறங்கும்போது "டீச்சர் நொம்ப நல்லவங்க" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் மாரமங்கலம் போனேன், மிளகு வாங்கலாம் என்று. பஸ் பாதி வழியில் நின்றது. ரோட்டின் நடுவில் ஒரு காட்டெருமை, டிரைவரை நேராகப் பார்த்தபடி அசையாமல் நின்றது. ஹாரன் அடிக்க வேண்டாம் என்றார் கண்டக்டர். அடித்தால் கோபம் வருமாம். பஸ்ஸில் இருந்தவர்கள் சளைக்காமல் கல்யாணம், காப்பி விலை, யாருடைய மருமகளோ என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். பக்கத்துச் சீட்டுக்காரர் என்னிடம், "அவருக்கு எடம் வேணுமுன்னா நின்னுக்கட்டுமுங்க. நமக்கென்ன, உக்காந்துதான இருக்கறோம்" என்றார். அரைமணி நேரம் கழித்து அது தானாகவே புதருக்குள் போனது. போய்ச் சேர்ந்தபோது மிளகுக் கடை சாப்பாட்டுக்குப் பூட்டியிருந்தது.

வியாழக்கிழமை விடிந்தபோது ஜன்னலுக்கு வெளியே எதுவும் தெரியவில்லை, ஒரே பனிமூட்டம். மினி பஸ் வரவில்லை. லாட்ஜ் மேனேஜர் உர மூட்டை ஏற்றிப் போகும் ஒரு எஸ்டேட் ஜீப்பில் என்னைச் சொருகிவிட்டார். மூட்டைகளுக்கு நடுவில் நானும் ஒரு மூட்டையாகப் போனேன். ஜீப் போனது மலையின் மேல்பக்கம். என்னை ஒரு கேட்டில் இறக்கிவிட்டு, "இப்படியே எறங்குனீங்கன்னா லைன் ஊடு வந்துருமுங்க" என்றார் டிரைவர். டீக்கடைப் பக்கமே போகாமல், மேலிருந்து காப்பிச் செடிகளுக்கு நடுவே ஆரஞ்சுக்காட்டுக்கு இறங்கினேன்.

மணி ஒன்பது. மூட்டம் விலகி வெயில் பளிச்சென்று விழுந்தது. பதினோரு கதவும் பூட்டியிருந்தன. களத்தில் கோழிகள் மேய்ந்தன. நாய்கூட இல்லை. கூப்பிட்டுப் பார்த்தேன், பதில் இல்லை. போன் பார்த்தேன், டவர் இல்லை.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. இவ்வளவு படித்துப் படித்துச் சொல்லியும் வேலைக்குக் கிளம்பிப் போய்விட்டார்களே, இவர்களுக்காக உர மூட்டை மேல் உட்கார்ந்து வந்தேனே என்று திட்டித் தீர்த்தேன். வெளிச்சம் நன்றாக இருந்ததால் போட்டோவாவது எடுப்போம் என்று வரிசையாக எடுத்தேன். வீடுகள், களம், நட்சத்திரங்கள், பின்னால் மலை. அழகாக வந்திருந்தன. பிறகு ஒரு வாசல்படியில் உட்கார்ந்துகொண்டேன். கீழே இறங்கிப் பார்த்திருக்கலாம்தான். முழங்கால் வேண்டாம் என்றது, கோபமும் வேண்டாம் என்றது.

பதினோரு மணிக்குக் கீழே பேச்சுச் சத்தம் கேட்டது. முதலில் வந்தது ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் கைகால் விழுந்து இரண்டு வருஷமாகப் படுக்கையில் இருக்கும் ஆரோக்கியம் தாத்தா, வெள்ளை வேட்டி கட்டி, தலை வாரி உட்கார்ந்திருந்தார். நான்கு பேர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்க ஏறினார்கள். பின்னால் மொத்த ஊரும், கிறிஸ்துமஸுக்கு எடுத்த புதுத்துணியில். எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"முடிஞ்சுதுங்க டீச்சர்" என்றாள் ஸ்டெல்லா. "நீங்க சொன்னாப்பல ஒரு ஆள் விடலீங்க. தாத்தாவையுங்கூடத் தூக்கிட்டுப் போயிட்டோம்."

"எங்கே?"

"கடைக்குத்தானுங்க. அவரைக் கூட்டியாரப் போனோம்."

கூட்டிவரத்தான் போயிருக்கிறார்கள், உண்மையிலேயே. வந்தவர் நல்ல மனுஷராம். பைக்கில் வந்து இறங்கி, தங்கராசு கொடுத்த டீயைக் குடித்து, எல்லாருக்கும் வணக்கம் சொல்லி, தாத்தாவிடம் உடம்பு விசாரித்திருக்கிறார். ஒவ்வொரு கார்டாக வாங்கி, கடையின் கதவு எண்ணோடு ஒத்துப் பார்த்து, ஆளை எண்ணிக் குறித்திருக்கிறார். கடைக்கு முன்னால் அத்தனை பேரையும் நிற்க வைத்து, இடமும் நேரமும் பதியும் போனில் படம் எடுத்திருக்கிறார்.

"மேல வாங்க, ஊட்டைப் பாக்கலாமுன்னு கூப்புட்டோமுங்க. அதான் எல்லாரும் இங்கயே இருக்கீங்களே, அப்புறம் மேல எதுக்குங்க, இன்னும் நாலு எடம் பாக்கோணும்னு சொல்லிப்போட்டுக் கிளம்பிட்டாருங்க. நல்லபடியா எழுதியிருக்கறேன்னாரு. நகலுங்கூடக் குடுத்திருக்கறாரு, மேல வந்து படிச்சுக்கலாமுன்னு மடிச்சு வெச்சிருக்கறனுங்க."

"அதைப் படி" என்றேன்.

ஸ்டெல்லா பத்தாவது படித்தவள், கணீரென்று படித்தாள். "மனுதாரர்கள் அனைவரும் தங்கள் அட்டைகளில் கண்ட விலாசத்திலேயே வசித்து வருவது நேரில் உறுதி செய்யப்பட்டது. அருகிலேயே..." அங்கே அவள் குரல் மெதுவானது. "அருகிலேயே குழந்தைகள் மையம் செயல்பட்டு வருவதால், புதிய மையம் தேவையில்லை."

நாற்காலியைத் தூக்கி வந்தவர்கள் அதை இன்னும் இறக்கி வைத்திருக்கவில்லை. தாத்தாவுக்குக் காது கேட்காது. "என்ன கண்ணு, பால்வாடி வந்துருச்சா?" என்று சத்தமாகக் கேட்டார். அவர் பேரன் ஒருவன் அவர் காதருகே குனிந்தான், பிறகு அப்படியே நிமிர்ந்துகொண்டான்.

எனக்குத் தலை நிமிரவில்லை. துணியைச் சொன்னேன், கார்டைச் சொன்னேன், கிழவரைச் சொன்னேன். எங்கே இருக்க வேண்டும் என்று மட்டும் சொல்லவில்லை. வீட்டில்தான் இருப்பார்கள், வேறெங்கே இருப்பார்கள், அதைப் போய்ச் சொல்ல வேண்டுமா என்று நினைத்திருக்கிறேன். ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு இடம் என்றால் என்ன என்று பாடம் எடுத்தவள். அவர்கள் வழக்கத்தை நோட்டில் அழகாக எழுதி வைத்துக்கொண்டவளும் நான்தான். சொல்லியும் விட்டேன், என் தப்பு என்று.

"அதெல்லாம் இல்லீங்க" என்றாள் ஸ்டெல்லா. "கவருமெண்டு ஆளு மொத மொதல்ல வாராரு. அவரா ஏறி வரட்டுமுன்னு நாங்க இங்க உக்காந்துக்கிட்டு இருக்க முடியுங்களா? நீங்க சொல்லியிருந்தாலும் போயித்தான் இருப்போம்."

அது ஆறுதலுக்குச் சொன்னதா, உண்மையா என்று எனக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "நீங்க போட்டோ எடுத்தீங்களாங்க?" என்று கேட்டாள். "தேதி, நேரமெல்லாம் அதுலயும் இருக்குமில்லீங்க? அதைக் கொண்டுபோயிக் குடுத்துப் பாக்கலாமுங்களா?"

போனைக் கொடுத்தேன். ஒவ்வொரு படமாகத் தள்ளிப் பார்த்தாள். மற்ற பெண்களும் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார்கள். வெயிலில் வரிசையாகப் பதினோரு வீடு, கோழிகள், நட்சத்திரங்கள். எந்தப் படத்திலும் ஒரு மனிதர் இல்லை. ஸ்டெல்லா ஒரு படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கினாள். அவள் வீட்டுக் கதவு.

"பூட்டுகூடத் தெளிவாத் தெரியுதுங்க" என்றாள். போனைத் துடைத்து என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, புதுச்சேலையை மாற்ற உள்ளே போனாள்.

அன்று மத்தியானம் டவர் கிடைக்கும் பாறையில் நின்று அந்த அலுவலகத்துக்குப் பேசினேன். மரியாதையாகவே பதில் சொன்னார்கள். அறிக்கை கம்ப்யூட்டரில் ஏறிவிட்டது, அடுத்த வருஷப் பட்டியலில் மறுபடி மனு போடச் சொல்லுங்கள், முதலில் எல்லாரும் விலாசத்தை மாற்றிக்கொள்ளட்டும் என்றார்கள். விலாசம் மாற்ற அந்த இடத்துக்குக் கதவு எண் வேண்டும். கதவு எண் எங்கே கிடைக்கும் என்று கேட்டேன். அது எங்கள் வேலை இல்லை என்றார்கள். வேறொரு அலுவலகத்தின் பெயரைச் சொன்னார்கள். அங்கே அனுப்ப அன்றைக்கே ஒரு மனு எழுதி, எல்லாரிடமும் கையெழுத்து வாங்கினேன். பதில் வருவதற்கு விலாசம் எழுதும் இடத்தில் ஸ்டெல்லா பேனாவை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். வேறு வழி இல்லை, கடை விலாசத்தைத்தான் எழுதினோம்.

மறுநாள் சாயங்காலம் எனக்கு ரயில். காலையில் சொல்லிக்கொண்டு போகலாம் என்று மறுபடி ஏறினேன். இந்த முறை யாரும் கடைக்கு வரவில்லை. வர வேண்டாம் என்று நான்தான் முந்தின நாளே கெஞ்சியிருந்தேன். வீடுகள் பூட்டியிருந்தன. பேச்சுக்குரல் வந்த திசையில் காப்பித் தோட்டத்துக்குள் போனேன். ஸ்டெல்லா இரண்டு வரிசை தள்ளி, இடுப்பில் பையோடு பழம் பறித்துக்கொண்டிருந்தாள். ஆனால் என் கண்ணில் முதலில் பட்டது ஜெனிதான். அவள் இடுப்பில் ஒரு பழைய சேலையைச் சுற்றிக் கட்டி, மறுமுனையை ஒரு சில்வர் ஓக் மரத்தில் முடிச்சுப் போட்டிருந்தது.

ஸ்டெல்லா என்னைப் பார்த்துவிட்டுக் கையை நிறுத்தவில்லை. "கண்ணு முன்னால இருக்கறாளுங்க. அது போதும் இப்போதைக்கு" என்றாள்.

ஜெனிக்கு என்னை ஞாபகம் இருந்தது, களியை மென்றவள் என்று. கீழே கிடந்த ஒரு சிவப்புப் பழத்தைப் பொறுக்கிக்கொண்டு என்னை நோக்கி ஓடி வந்தாள். நாலு எட்டு வைப்பதற்குள் சேலை விறைத்து அவளை நிறுத்திவிட்டது. அவள் அழவில்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. அங்கேயே நின்று, பழத்தைப் பிடித்த கையை முடிந்த மட்டும் நீட்டினாள். மீதித் தூரத்தை நான் நடந்து போய் வாங்கிக்கொண்டேன்.